செத்த பெட்டிக்குக் கொள்ளி

கணினி வந்த பிறகும் ராஜா போகாத சமஸ்தானம் ஒன்று இருந்தது. வேங்கூர் என்று பெயர். அதன் ராஜா செங்கோடபூபதிக்குப் புதுசு என்று எதைக் காட்டினாலும் வாயெல்லாம் பல். அந்தப் பல்லை எண்ணியே பிழைத்தவர் மந்திரி நவநீதர்.

நாற்பது ஊர்ப் பட்டாக்களும் அரண்மனைப் பெட்டியறையில் இருந்தன. மரப்பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே வட்டுகள் இராப்பகலாகச் சுழலும் சேமிப்புப் பெட்டிகள். ஒன்று பழையது, பதினொரு வயது. அதைச் செய்த கம்பெனியே கைகழுவிவிட்டது. இன்னொன்று ஆறு மாதத்துக்கு முன் மந்திரி வாங்கிப் போட்டது. புதியது பேசுவது பழையதற்குப் புரியாது. நடுவே ஒரு நடுவயதுக் கருவியைத் தூது வைத்து, இரண்டையும் ஒரே குடும்பமாக ஓட்டிக்கொண்டிருந்தவன் பூதலிங்கம். எந்த ஊரில் பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டாலும் ஓடிப்போய் உதிரிபாகத்தைக் கழற்றி வருவான். வேலையில் கெட்டிக்காரன். வாயில்தான் கொஞ்சம் காரம்.

ஒரு நாள் சபையில் மந்திரி செருமினார்.

"மகாராஜா, புதுப் பெட்டி ஏழு மடங்கு வேகம். ஆனாலும் ஒரு பட்டா கேட்டால் வெற்றிலை மென்று துப்பும் நேரமாகிறது. ஏன்? அந்தக் கிழட்டுப் பெட்டி பின்னால் இழுக்கிறது. அதிலிருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றி ஆறு மாதமாயிற்று. அது செத்த பெட்டி. செத்ததைக் கட்டிக்கொண்டு இந்தப் பூதலிங்கம் சம்பளம் வாங்குகிறான்!"

பூதலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாற்றினாராம்! கடைசி இரண்டு வருஷத்துப் பட்டாவை மட்டும் மாற்றிவிட்டு, மிச்சத்துக்கு மாதக்கணக்கில் உட்கார வேண்டுமே என்று சோம்பி, 'எல்லாம் முடிந்தது' என்று ஓர் ஓலை எழுதிக் கொடுத்துத் தங்கத் தோடா வாங்கிக்கொண்ட மனுஷன் அவர்.

"உள்ளே ஒண்ணுமே இல்லாத பெட்டி எப்படி மகாராஜா இழுக்கும்? பழைய பட்டா அத்தனையும் இன்னும் அதுலதான் இருக்கு."

"மந்திரி பொய் சொல்வாரா?" ராஜா சீறினார். "நாளைக் காலை அந்தப் பெட்டியை நிறுத்து. அதோடு உன் வேலையும் சரி."

நிறுத்தினால் நாற்பது ஊர்க் குடியானவர்களும் 'இது என் நிலம்' என்று சொல்ல ஆதாரமில்லாமல் நிற்பார்கள். வேலை போவதைவிட அதுதான் பூதலிங்கத்தை அரித்தது. மறுத்தால் வேறொருவன் வந்து நிறுத்துவான். ஒரே நாளில் மாற்றி முடிக்கிற காரியமும் இல்லை. யோசித்துக்கொண்டே நடந்தவன், வழியில் நாலு பச்சை மூங்கில் வாங்கினான்.

மறுநாள் ராஜா பரிவாரத்தோடு வந்தால், பெட்டியறை வாசலில் பாடை. சங்கு, சேகண்டி. பழைய பெட்டிக்கு ரோஜா மாலை.

"என்னடா கூத்து இது?"

"சாவுன்னா முறை இருக்கு மகாராஜா. பதினொரு வருஷம் கண்ணை மூடாம உழைச்ச ஜீவன். அநாதையா அனுப்பலாமா?"

மந்திரி இளக்காரமாகச் சிரித்தார். "செய், செய். சீக்கிரம் செய்."

"நான் செய்யக் கூடாதுங்க. எனக்கு இது உயிரோட இருக்கிற பெட்டி. செத்துப்போச்சுன்னு சொன்னது நீங்க. நீங்கதான் கொள்ளி வைக்கணும். ரொம்பச் சுளுவு. இந்தப் பொத்தானை ஒரு அமுக்கு."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "வையுமே ஐயா!"

மந்திரி தோடா மின்னக் கையை நீட்டினார்.

"ஒரு வார்த்தை," என்றான் பூதலிங்கம். "பதினொரு வருஷமா நிக்காமச் சுத்துற வட்டு. ஒரு தடவை நின்னா மறுபடி எழும்பாது. இந்தத் தொழில்ல இருக்கிற எவனும் பழைய பெட்டிப் பொத்தான் பக்கம் விளக்குமாத்தைக்கூடக் கொண்டுபோக மாட்டான். அதனால, போறவரோட வயித்துல என்ன இருக்குன்னு கடைசியா வாசிச்சுடறேன்."

தாளை விரித்தான்.

"முதல் பட்டா. கருவேலங்குளம், நூறு ஏக்கர் நஞ்சை. மந்திரி நவநீதர் பெயரில்."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"என்ன மந்திரி?" என்றார் ராஜா.

"ராகு காலம், மகாராஜா."

"ராகு காலம் இன்றைக்குச் சாயங்காலம்தான்," என்றார் பின்னால் நின்ற அரண்மனைச் சோதிடர்.

"மணிக்கட்டிலும் லேசாகச் சுளுக்கு..."

"இடது கையால அமுக்குங்க," என்றான் பூதலிங்கம். "பொத்தானுக்குத் தோஷமில்லை."

"வேறு யாராவது..."

"எல்லாத்தையும் மாத்தியாச்சுன்னீங்களே சாமி! உள்ளே வெறும் காத்துதானே? காத்துக்கா இந்த நடுக்கம்?"

மந்திரியின் நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. "இன்னும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது, மகாராஜா."

"எவ்வளவு?"

"இரண்டு வருஷத்தது போக... மற்றதெல்லாம்."

ராஜாவின் முகம் சிவந்தது. இந்த ஆளை நம்பி நாட்டையே அணைக்கச் சொன்னோமே என்ற வெட்கம் அது. தோடாவை மந்திரி கையிலிருந்து உருவிப் பூதலிங்கத்திடம் கொடுத்தார். "கடைசிப் பட்டா மாறுகிறவரை நீர் இந்த அறையில்தான் உட்கார வேண்டும், நவநீதரே. பூதலிங்கம் போ என்றால்தான் வீட்டுக்குப் போகலாம்."

பிறகு வாசலைப் பார்த்தார். "சரியப்பா, பாடை கட்டியாயிற்று, சங்கும் ஊதியாயிற்று. வெறும் பாடை திரும்பினால் அரண்மனைக்கு ஆகாதே?"

"ஏன் வெறுமனே திரும்பணும் மகாராஜா? 'எல்லாம் முடிந்தது'ன்னு மந்திரி எழுதிக் கொடுத்த ஓலை இருக்கே, அதைப் படுக்க வைங்க. பெத்தவரும் பக்கத்துலதான் இருக்கார். அதுக்குக் கொள்ளி வைக்க அவர் கை சுளுக்காது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மந்திரி தீப்பெட்டி கேட்டார்.