மாப்பிள்ளை வயிற்றுக்குக் கஞ்சிப்பாசி

கோணக்குப்பத்தில் புத்தி உள்ளவர்கள் எல்லோரும் கடலுக்குப் போயிருந்த ஒரு நாளில், கரையில் மிச்சமிருந்த ஐந்து பேருக்குப் பெருங்கவலை வந்தது. அவர்களில் ஒருவனான காத்தமுத்து நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. மறுநாள் அவனுக்குப் பெண் வீட்டில் விருந்து. மறுசோறு வாங்காத மாப்பிள்ளைக்குப் பெண் கிடையாது என்பது அந்தக் குடும்பத்துச் சட்டம். காத்தமுத்துவின் வயிற்றிலோ ஒரு பருக்கைக்கும் இடமில்லை.

கடலில் பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய பாக்கியத்தக்கா ஒரு கூடை செம்பாசியைக் கொடுத்தாள்.

"கஞ்சிப்பாசிடா இது. நல்ல தண்ணியில அலசி, நிழல்ல காயவச்சு, ஒரு பிடி போட்டுக் கஞ்சி காய்ச்சுங்க. ஒத்துக்குதான்னு முதல்ல கொஞ்சம் குடிச்சுப் பாருங்க. மிஞ்சினா வயித்தைக் கழுவி ஊத்திரும். கழுத்துக் கழலைக்காரன் தொடவே கூடாது."

ஐந்து பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் தடவினார்கள். ஐந்து தொண்டையிலும் ஒரு முடிச்சு ஏறி இறங்கியது.

"போச்சு! எல்லாருக்கும் கழலை!" என்றான் சேதுராசு.

"எல்லாருக்கும் இருந்தா அது நோயில்லடா, ஊர் வழக்கம்," என்று எரிந்து விழுந்தான் நம்புராசன். அவன்தான் கூட்டத்துக்குத் தலைவன்.

கரையில் மரம் கிடையாது. காத்தமுத்து தவிர மற்ற நால்வரும் வரிசையாக நின்று தங்கள் நிழலில் பாசியைப் பரப்பினார்கள். உச்சிவெயிலில் நிழல் காணாமல் போனது.

"எவன்டா நிழலை எடுத்தவன்? காலைத் தூக்குங்கடா!" என்றான் நம்புராசன். தூக்கிப் பார்த்தால், ஒவ்வொருவன் காலடியிலும் கொஞ்சம் பதுங்கியிருந்தது. "திருட்டுப் பயலுகளா!"

சாயங்காலம் கஞ்சி கொதித்தது. காத்தமுத்து சட்டியை நோக்கிக் கையை நீட்டினான்.

"மாப்பிள்ளை உடம்பைப் பணயம் வைக்கிறதா? ஒத்துக்குதான்னு நாங்க பாக்கிறோம்," என்று நம்புராசன் ஒரு வாய் குடித்தான். ஒன்றும் ஆகவில்லை. "ஒண்ணுமே தெரியல. நீ பாரு." சேதுராசுவுக்கும் தெரியவில்லை. மற்ற இருவரும் பார்த்தார்கள். தெரியும்வரை பார்த்தார்கள். சட்டியின் அடி தெரிந்தது.

மறுநாள் பந்தியில் காத்தமுத்து மட்டும் கல்லுப் பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தான். நால்வரும் மாறி மாறிக் கொல்லைக்கு ஓடினார்கள்.

"என்னய்யா, யாரும் இலையில தங்க மாட்டேங்குறீங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

"மாப்பிள்ளைக்கு வயித்து மருந்து காய்ச்சினோம்ல," என்றான் நம்புராசன்.

"மருந்து அவருக்கு. ஓடுறது நீங்களா?"

"பொண்ணு கேக்க நாங்க வந்தோம். பாக்கு மாத்த நாங்க வந்தோம். இதுக்கு மட்டும் மாப்பிள்ளையை அனுப்பினா மரியாதையா இருக்குமா?"

"அதுவும் சரிதான்," என்று அவர் தலையை ஆட்டினார். "மாப்பிள்ளைக்கு மறுசோறு வைங்கப்பா!"

காத்தமுத்துவுக்கு வியர்த்தது. "டேய், இதுவரைக்கும் எத்தனை தடவைடா போனீங்க?"

"நாலு பேரும் சேந்து இருபது," என்றான் சேதுராசு.

நம்புராசன் விரல்விட்டு எண்ணினான். "அஞ்சு பேருக்குப் பங்கு போட்டா உனக்கு நாலு. நாலு நாளைக்கு நாலு. எல்லாம் போயிருச்சுடா!"

அதைக் கேட்டதும் காத்தமுத்துவுக்கு உடம்பு பஞ்சாகிவிட்டது. வேட்டியைத் தளர்த்திக்கொண்டு, "மாமா, கொழம்பைத் தாராளமா ஊத்தச் சொல்லுங்க," என்றான்.