ஜெயசீலிக்கு ஒரு தளம்

இந்தக் கதையில் குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். பாதித் தலை நரைத்த பிறகு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர் தேவசகாயம். அவருக்கு வழிகாட்டி பேராசிரியர் மெகருன்னிசா. அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார். பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள், தேவசகாயம் படிக்க வந்த காரணம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர் மனைவி ஜெயசீலி சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள். அதற்கு முந்தைய வருடம் முழுக்கப் பலமுறை ரத்தம் பரிசோதித்திருந்தார்கள். ஒவ்வொரு முடிவும் முந்தையதைவிடக் கொஞ்சம் மோசம். எல்லாம் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில்தான் கிடந்தன. சேர்த்து வைத்துப் பார்க்க நாதியில்லை.

அப்படிக் குவிந்து கிடக்கும் முடிவுகளைத் தோண்டி, ஆபத்தில் இருப்பவர்களை முன்கூட்டியே காட்டும் அல்காரிதம் ஒன்றைத் தேவசகாயம் உருவாக்கிவிட்டார். அதற்கு ஜெயசீலி என்றே பெயர் வைத்தார்.

“எந்தத் தளத்துல வெளியிடலாம் மேடம்? எல்லாரும் புதுசா வந்திருக்கிற, இன்டர்நெட்டுலயே ஓடுற கிளவுட் தளத்தைத்தான் சொல்றாங்க. அதுல போட்டா உலகம் பூரா அவ பேரு தெரியும்.”

“உங்க மனைவிக்கு எங்க ரத்தம் எடுத்தாங்க?”

“எங்க ஊரு கவர்மென்ட் ஆஸ்பத்திரில.”

“வாங்க, போயிட்டு வருவோம்.”

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அரதப் பழசு. இன்டர்நெட் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. மெகருன்னிசா கேட்டுக்கொண்டதும் டெக்னீஷியன் பெண் எழுந்து இடம் விட்டாள். தேவசகாயம் அந்தப் புதுத் தளத்தை அதில் திறக்கப் பார்த்தார். கம்ப்யூட்டர் திணறியது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. பரிசோதனைக்கு வந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

“இதுல ஓடாது மேடம்.”

“ஓடுற மாதிரி எழுத முடியுமா?”

“முடியும். சின்னதா, சாதாரணமா, பழைய தளத்துல எழுதணும்.” அவர் நின்றுபோன திரையிலிருந்து திரும்பினார். “அதை எந்த மாநாட்டுலயும் மதிக்க மாட்டாங்க. அப்புறம் அவ பேரை யாரு மேடம் பார்ப்பாங்க?”

மெகருன்னிசா கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, அது எழுந்து வரும்வரை காத்திருந்தார். பிறகு டெக்னீஷியனிடம், “இவர் மனைவி பேரைத் தேடிப் பாருங்கம்மா. ஜெயசீலி” என்றார்.

திரையில் வந்தது. ஜெயசீலி. ஜெயசீலி. ஜெயசீலி. வரிக்கு வரி அதே பெயர், பக்கத்தில் ஏறிக்கொண்டே போகும் எண்கள். தேவசகாயம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“இத்தனை தடவை இங்க இருந்துச்சே சார், அவங்க பேரு” என்றார் மெகருன்னிசா. “யாரு பார்த்தா?”