ஆறாம் வகுப்பு அறை

தீர்ப்புச் சொல்லும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. தமயந்தியின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கடலோரம் சங்குத்தலைமேடு என்று ஒரு ஊர். சுனாமி வந்த மறுநாள், கரையில் கிடைத்த உடல்களை அந்த ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில்தான் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அப்போது தமயந்திக்கு ஒன்பது வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். ஆறாம் வகுப்பு அறையில், ஜன்னலை ஒட்டிக் கிடந்த ஆறு வயதுத் தம்பி குமரவேலை, அரைஞாண் கயிற்றை வைத்து அம்மா அடையாளம் கண்டாள்.

வெளியே வந்ததும் அம்மா அவள் மணிக்கட்டை நெரித்தாள். “நம்ம வீட்டுப் புள்ள எதுவும் இனிமே இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. சொல்லு.”

“மிதிக்காதும்மா” என்றாள் தமயந்தி.

அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்குப் போக எட்டுகிற தூரத்தில் வேறு பள்ளி இல்லை. அதோடு படிப்பு நின்றது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வாக்கு போகவில்லை. இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போகும்போது, அந்தப் பள்ளி இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிப் போவாள்.

இந்த வருடம் அவள் மகள் இலக்கியா ஐந்தாம் வகுப்பு முடித்தாள்.

“டவுன் பெண்கள் பள்ளிக்கூடத்துல சேர்த்துடுவோம்” என்றாள் தமயந்தி.

அவள் கணவன் அமிர்தகடேசன் மீன் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். “ரெண்டு பஸ் மாறணும். மழைக்காலத்துல பாதி நாள் பஸ்ஸே வராது. இங்க நடந்து போனா பத்து நிமிஷம், நல்ல வாத்தியாருங்க இருக்காங்க. நாலு மாசத்துல இவளும் உன்ன மாதிரி நின்னுடுவா, பாரு.”

அன்று தமயந்தி சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே இறங்கி வந்தான். “சரி, டவுன்லயே சேர்க்கிறேன். காலையில நானே ஆட்டோவுல விட்டுடுறேன்.”

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. மகளை ஏற்றிக்கொண்டு போனவன் டவுனுக்குப் போகவில்லை. உள்ளூர்ப் பள்ளியில்தான் சேர்த்தான். அரசுப் பள்ளிச் சீருடை எங்கும் ஒன்றுதான். தமயந்திக்குச் சந்தேகம் வரவில்லை. மாலையில் இலக்கியா அத்தை வீட்டில் ஆறு மணி வரை இருந்துவிட்டு, டவுன் பஸ்ஸில் வந்தவள் போல வீட்டுக்குப் போவாள்.

“அம்மாகிட்ட சொல்லிடாத. அம்மா தாங்க மாட்டா” என்று அப்பா சொல்லியிருந்தான். அவள் சொல்லவில்லை.

தலைமையாசிரியை புனிதவதி வெளியூரிலிருந்து மாறுதலில் வந்தவர். ஒருநாள் ஆறாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது கவனித்தார். ஜன்னல் ஓர பெஞ்சில் இலக்கியா ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்த இடம் யாருக்கும்மா?”

“எங்க மாமாவுக்கு டீச்சர்.”

“மாமாவா?”

“அவருக்கு ஆறு வயசு டீச்சர். இங்கதான் படுத்திருந்தாராம்.”

வகுப்பில் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. புனிதவதி அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போய் மெதுவாகக் கேட்டார். எல்லாம் வெளியே வந்தது. “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்” என்று அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அமிர்தகடேசனைக் கூப்பிட்டனுப்பினார். அவன் கைகூப்பினான். “அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பொறுங்க டீச்சர். புள்ள நல்லாப் படிக்கிறத அவ பார்க்கட்டும். அப்புறம் நானே சொல்லிடுறேன்.”

“இன்னைக்கே சொல்லுங்க” என்றார் புனிதவதி. அவன் சொல்லவில்லை. மறுநாள் அவரே கொட்டகைக்குப் போய்த் தமயந்தியிடம் சொன்னார்.

தமயந்தி கையைக் கழுவினாள். இருபது வருடமாகச் சுற்றிப் போன தெருவில் நேராக நடந்தாள். பள்ளி வாசலில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. கழிவறைக்குப் போட்டிருப்பார்கள். அவளுக்கு அது, உடல்களைச் சுற்றித் தூவியிருந்த அந்தக் காலையின் வாடை. மணிக்கட்டில் யாரோ நெரிப்பது போல வலித்தது.

ஆறாம் வகுப்பு அறையின் படிக்கு வெளியே நின்றாள். உள்ளே இலக்கியா எழுந்து நின்று, “அப்பாவத் திட்டாதம்மா” என்று தேம்பினாள்.

மகளின் படிப்புக்காகப் பொய் சொன்னான் அப்பா. வீட்டில் சண்டை வரக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டாள் மகள். அழுது கெஞ்சிய பிள்ளையின் பேச்சை மீறி உண்மையைச் சொன்னார் தலைமையாசிரியை. மூவரில் யார் செய்தது சரி?

தலைமையாசிரியை செய்ததே சரி. எந்தப் பள்ளி என்பதில் அமிர்தகடேசன் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை மனைவியிடம் பேசி வெல்லத் தைரியமில்லாமல், பத்து வயதுப் பிள்ளையின் தலையில் பொய்யாக ஏற்றி வைத்தான். இலக்கியாவிடம் சரியும் இல்லை, தப்பும் இல்லை. பெரியவர்களின் சுமையை அவள் சுமந்தாள். ஒன்பது வயதில் தமயந்தி சுமந்ததும் அப்படி ஒன்றுதான். அது அன்று அந்த வாசலில் அவளுக்கே புரிந்திருக்க வேண்டும். மகளை அவள் வெளியே அழைக்கவில்லை. “உக்காரு, படி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். இலக்கியா இப்போதும் அங்கேதான் படிக்கிறாள். ஆனால் செத்தவளுக்குக் கொடுத்த வாக்கை மீறினோம் என்கிற நினைப்பு தமயந்தியை விட்டபாடில்லை. கடல் இரைகிற நாட்களில், உரிக்கிற இறாலை அப்படியே போட்டுவிட்டுக் கொட்டகை வாசலில் வந்து நிற்கிறாள். பள்ளியில் இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் கத்துகிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் உள்ளே போய் உட்காருகிறாள்.