ஐந்து ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம்

வெயிலே களைத்துப்போய் வேப்பமர நிழலில் ஒதுங்கி நிற்கும் கரிசல் சீமை அது. அங்கே ஐந்து ஊருக்கும் சேர்த்து ஒரே பள்ளிக்கூடம். அதன் பின்னால் ஒரு குடிசையில் வெயிலுகந்தாள் என்கிற ஞானி இருந்தாள். வயது முப்பதுதான். அவளுடைய ஒரே சீடர் பூவலிங்கம் அறுபதைத் தாண்டியவர், தாலுகா ஆபீஸில் உழைத்து ஓய்வு பெற்றவர். குருவை அவர் ‘தாயே’ என்பார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பாள்.

ஒருநாள் பள்ளிக்கூட வாத்தியார் மூச்சிரைக்கப் பூவலிங்கத்திடம் ஓடி வந்தார்.

“பிள்ளைக குறைச்சல்னு பள்ளிக்கூடத்தை மூடப் பாக்காங்கய்யா. ஊர்ல யார் யார் இருக்காக, என்ன தொழில், எப்படிப் பிழைக்காக, பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளைக எத்தனை, எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுக்கணும். நீங்கதான் மனசு வைக்கணும்.”

“ப்பூ, இவ்வளவுதானா?” என்று சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார் பூவலிங்கம்.

சாயங்காலம் தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

“தாயே, ஐந்து ஊர்லயும் ஆளே இல்லை.”

“அப்படியா?”

“பிள்ளைக எத்தனைன்னு கேட்டா, ‘பிள்ளையா, இங்கயா?’ன்னு முழிக்காக. கொட்டில்ல ஆடு கத்துது. ‘அது காத்து சாமி’ங்காக. ஒருத்தன் பெண்டாட்டி போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டே எனக்குக் கல்யாணம் ஆகலைங்கான். அவளும் ஆமாங்கா!”

குரு வயிறு குலுங்கச் சிரித்தாள். “நாளைக்கு எல்லா வீட்டுலயும் அடுத்த வீட்டைப் பத்திக் கேட்டுப் பாருங்க.”

மறுநாள் தலையில் கை வைத்தபடி வந்தார்.

“தாயே, ஐந்து ஊரும் குபேரபட்டணம்! அடுத்த வீட்டுல பதினாறு பிள்ளையாம். ஆட்டுக்குத் தங்கத்துல கழுத்துமணியாம். கரிமூட்டம் போடுற கருத்தபாண்டி சந்தனக்கட்டையை எரிக்கானாம். இதை எழுதுனா, கலெக்டரே நம்மகிட்ட கைமாத்து கேட்டு வந்துருவார்.”

சொல்லிக்கொண்டே வந்தவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நாளைக்கு வெள்ளி. பள்ளிக்கூடம் போச்சு. மனுஷன் ஏன் தாயே இப்படிப் பொய் சொல்லுதான்?”

“எதுக்குக் கேக்கோம்னு சொன்னீகளா?”

பூவலிங்கம் விழித்தார். “உத்தியோகத்துல அப்படி வழக்கமில்லையே, தாயே.”

குரு அவர் கையைப் பிடித்து, நேரே குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீருக்கு நின்ற கூட்டத்தின் நடுவே நிறுத்தி, “சொல்லுங்க” என்றாள்.

நாக்குத் தடுமாற அவர் சொன்னார். பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள். மூடினால் பொடிசுகள் ஓடையைத் தாண்டி, லாரி ரோட்டைத் தாண்டி டவுனுக்கு நடக்கணும். ஆள் இருக்கிறது என்று காட்டத்தான் கேட்டேன்.

பேச்சித்தாய் குடத்தை நங்கென்று இறக்கினாள்.

“ஏய்யா, விவரங்கெட்ட மனுஷா! இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? எனக்கு நாலு. எழுதும். வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனி. நான் தீப்பெட்டி ஒட்டுதேன். ஆடு ஆறு உருப்படி. அது காத்து இல்ல, ஆடுதான்!”

அவ்வளவுதான். நெல்லுக் குதிருக்குள்ளிருந்து பிள்ளை வந்தது. கோழிக்கூண்டுக்குள்ளிருந்து பிள்ளை வந்தது. பனையிலிருந்து பழம் உதிர்வதுபோல் பத்துப் பிள்ளைகள் உதிர்ந்தார்கள். கல்யாணம் ஆகாதவன் பெண்டாட்டியோடும் மூன்று பிள்ளைகளோடும் வந்து நின்றான். நிறைமாதக்காரி ஒருத்தி வயிற்றைக் காட்டி, “இதுக்கும் ஒரு இடம் போட்டு வையும்” என்றாள். கருத்தபாண்டி, “விறகுதாண்ணே, வெறும் வேலிக்கருவை” என்று கரிக்கையை விரித்துக் காட்டினான்.

பூவலிங்கம் குருவின் பக்கம் திரும்பினார். “இவுகதானே தாயே, ரெண்டு நாளும் பொய் சொன்னவுக?”

“பொய்யா? நேத்து வந்தவர் வரி போட வந்தவரு. அவருக்கு அதுதான் பதில். காலையில வந்தவர் ஊர்வம்பு கேட்க வந்தவரு. அவருக்கு அதுதான் பதில்.” குரு சிரித்தாள். “இப்ப வந்தது யாரு அண்ணாச்சி?”

பூவலிங்கம் இடுப்பில் ஒரு பிள்ளையும் தோளில் ஒரு பிள்ளையுமாக நின்றுகொண்டிருந்தார்.