சுடலைமுத்துவின் வாட்டம்

“ரெண்டு தடவை உடைச்சு ஒட்டிட்டேன் தாயி. ரெண்டு தடவையும் ஒழுகுது. இனி என்ன செய்ய?”

கேட்டவர் சுடலைமுத்து கொத்தனார். டைல்ஸ் ஒட்டுவதில் முப்பது வருஷம். கேட்கப்பட்டவள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். குளியலறைத் தரையில் ஈரம் இறங்காமல் ஓதம் தடுக்கும் பூச்சு பூசுகிறவள். பெயர்தான் பேச்சி. அவள் வாயைத் திறப்பதற்குள் நமக்கு நாக்கு வறண்டுவிடும்.

ஊரார் வீடு ஒழுகியிருந்தால் கொத்தனார் அவளிடம் வந்திருக்கவே மாட்டார். அத்தனை வீம்பு. இது அவர் வீடு. மாடியில் குளியலறை, நேர் கீழே மகளின் அறை. எட்டாம் மாதத்திலேயே பிறந்த குழந்தையோடு அவள் பத்து நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். குழந்தைக்கு ஓதம் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பேச்சி மாடிக்கு வந்தாள். சுடலைமுத்து ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் காட்டினார். குமிழி நட்டநடுவில் நின்றது.

“மயிரிழை பிசகாது.”

அவள் குமிழியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

“வாட்டத்தை மூஞ்சியில வச்சிருக்கிய அண்ணாச்சி. தரையில வைக்க மறந்துட்டிய.”

கொத்தனாருக்குச் சுருக்கென்றது. தண்ணீர் ஓடிப்போகத் தரைக்கு வாட்டம் வேண்டும் என்பது பாலபாடம். கூடத்துத் தரைக்கு மட்டம் பார்த்தே பழகிய கை, இங்கேயும் மட்டம் பார்த்துவிட்டது.

அவரே சுத்தியலை எடுத்தார். மூன்றாம் முறையாக உடைத்தார்.

டைல்ஸுக்கு அடியில் கலவை நசநசவென்று ஊறிக் கிடந்தது.

“இடுக்கெல்லாம் அடைச்சிருக்கேனே. தண்ணி எப்படி இறங்குச்சு?”

“டைல்ஸ் தண்ணியைத் தடுக்கும்னு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. முப்பது வருஷமாக அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

வாட்டம் கொடுத்தார்கள். காய்ந்ததும் பூச்சு பூசினார்கள். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, சுவரிலும் ஒரு முழம் ஏற்றி. நாலு நாள் போனது.

சுடலைமுத்து டைல்ஸைக் கையில் எடுத்தார். பேச்சி அதை வாங்கிச் சுவரோரம் சாய்த்தாள். தண்ணீர் போகும் ஓட்டையில் துணியைத் திணித்து அடைத்தாள். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிரப்பினாள்.

“ரெண்டு நாள் நிக்கட்டும்.”

“பிள்ளை வரப்போவுது தாயி!”

“கீழ போய் உக்காருங்க.”

உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. மறுநாள் மத்தியானம் மேலிருந்து ஒரு சொட்டு, சரியாக அவர் மூக்கில் விழுந்தது.

படியேறி ஓடினார்.

“ஒழுகுது!”

“நல்லதாப் போச்சு.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எது நல்லது?”

“உங்க மூக்குல விழுந்தது.”

அவர் குனிந்து ஓட்டையில் இருந்த துணியை உருவினார்.

தண்ணீரை வடித்தார்கள். குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில், விரல்நுனி அளவு பூச்சு விட்டுப்போயிருந்தது. அவர் மண்டியிட்டு, வலைத்துணி சுற்றி, மறுபடி பூசினார். காய்ந்தபின் அவரே துணியைத் திணித்தார். அவரே தண்ணீர் நிரப்பினார். கீழே போய் உட்கார்ந்தார். இந்த முறை யாரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழிந்தது. மகளின் அறையில் ஏணி போட்டு ஏறி மேல்தளத்தைத் தடவினார். ஈரமே இல்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகள் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தாள். வாசலோரம் டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியபடியே இருந்தன.

“இன்னும் டைல்ஸ் ஒட்டலையாப்பா?”

பேச்சி தொட்டில் சேலையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“காஞ்சு கிடக்குல்லா. கட்டுங்க அண்ணாச்சி.”

சுடலைமுத்து மகளின் அறைக்குப் போய், மேல்தளத்துக் கொக்கிவரை சேலையோடு கையை உயர்த்தினார். அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். பிறகு சேலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“இன்னும் ஒரு நாள் தண்ணி நிக்கட்டும் தாயி. இன்னைக்குப் பிள்ளை கூடத்துல தூங்கட்டும்.”

“இனி நான் எதுக்கு அண்ணாச்சி?” பேச்சி தன் பையை எடுத்துக்கொண்டு வாசல்படி இறங்கினாள்.