அதே தண்ணீர்

சேர்வராயன் மலைச் சரிவில் அமிர்தவல்லி நடத்திவந்த தியான வீட்டில் எட்டுப் பேர் தங்கியிருந்தார்கள். அவரைவிட வயதில் பெரியவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்களில் மூத்தவர் நாச்சிமுத்து. நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். மனைவி போன பிறகு இங்கே வந்து ஒதுங்கிவிட்டார்.

அன்று மதியம் பாத்திரம் கழுவுவது அவர் முறை. தண்ணீர் லாரி எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும் இடம் என்பதால், தண்ணீர் மிச்சமாகட்டும் என்று அன்பர் ஒருவர் பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். வந்து சில நாள்தான் ஆகிறது. நாச்சிமுத்துவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

கூழ் குடித்த டம்ளர்களை மெஷினின் மேல்தட்டில் நிமிர்த்தி வைத்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றினார். எச்சில் பாத்திரத்தை அப்படித்தான் ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அவர் வீட்டில் அதுதான் பழக்கம்.

சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் ஜெயக்கொடி எட்டிப் பார்த்தாள்.

“எதுக்குங்கய்யா ஊறப்போடுறீங்க? இதுல கவிழ்த்துதான் வைக்கணும்.”

“எனக்குத் தெரியும், போம்மா.”

அவள் போகவில்லை. கைக்கு எட்டிய இரண்டு டம்ளர்களைக் கொட்டிக் கவிழ்த்தாள். மூன்றாவதற்குக் கை போகும்முன் அவர் மெஷின் கதவைச் சாத்திவிட்டார்.

“உங்க பையன் சாயங்கால பஸ்ல வர்றாராமே?”

“மௌனத்துல இருக்கேன்னு சொல்லிடு.”

“போன தடவையும் அதைத்தான் சொன்னேன். கேட் பக்கத்துலயே கொஞ்ச நேரம் நின்னுட்டு வெயில்ல திரும்பி நடந்தாரு. இந்தத் தடவை மௌனத்துல இருக்கேன்னு நீங்களே வாயைத் திறந்து சொல்லிடுங்க.”

இன்னொரு முறை திருப்பி அனுப்பினால் மகன் மோகன்ராஜ் மறுபடி வரமாட்டான். அது நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.

அமிர்தவல்லி உள்ளே வந்து பொத்தானை அழுத்தினார். மெஷின் முனகத் தொடங்கியது. ஜெயக்கொடி தாளிப்புக் கரண்டியைத் தேடுவதுபோல் வெளியே நகர்ந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணுங்க.”

“கேளுங்கய்யா.”

“அவங்கம்மா அஸ்தி கரைச்ச அன்னிக்கு, சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி மோகன்ராஜ் ஒரு வார்த்தை சொன்னான். ‘அப்பா முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா அம்மா இருந்திருப்பாங்க’ன்னு. கண்ணை மூடி உட்கார்ந்தா அது ஒண்ணுதானுங்க வருது. போகுதுன்னு நினைப்பேன். சுத்திக்கிட்டு மறுபடி வந்து நிக்கும். அழுக்கு மனசை வெச்சுக்கிட்டு அதே மனசை எப்படிங்க கழுவுறது? மொதல்ல இது சுத்தமாகட்டும். அப்புறம் அவனைப் பார்க்கிறேன்.”

அமிர்தவல்லி மெஷினைக் காட்டினார். “காதை வைங்க.”

“இதுலயா?”

“இதுலதான்.”

நாச்சிமுத்து மூட்டு வலியோடு குனிந்து, கதவில் காதை வைத்தார். உள்ளே ஓர் அடைமழை பெய்துகொண்டிருந்தது. பெய்தது என்பதைவிட, ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் போய் மறுபடி வந்தது. மில்லில் எத்தனையோ எந்திரங்களின் சத்தத்தைக் காதாலேயே எடைபோட்டவர் அவர். இது எந்தக் கணக்கிலும் சேரவில்லை. தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. காதை எடுக்க மனம் வரவில்லை.

“எவ்வளவு தண்ணி இருக்கும்னு நினைக்கிறீங்க?”

“கழுத்து வரைக்கும் நிரம்பியிருக்கணுங்க. இந்தப் போடு போடுதே.”

அமிர்தவல்லி கதவை மெல்லத் திறந்தார். மழை நின்றது. ஆவி முகத்தில் மோதி விலகியது. நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். நிரம்பவில்லை. அடியில் ஒரு குழியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, சாம்பார் நிறத்தில்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“இந்தத் தண்ணியா மேல போய் அடிக்குது?”

“ஆமா. கீழ விழுந்ததை இழுத்து மறுபடி அடிக்கும். விழும். மறுபடி இழுக்கும்.”

“எச்சில் தண்ணிங்க அது.” அவர் முகம் கோணியது. “அதை வெச்சே கழுவினா எப்படிச் சுத்தமாகும்?”

“நடுவுல ஒரு சல்லடை இருக்கு. சூடும் இருக்கு.”

அமிர்தவல்லி கீழ்த்தட்டை வெளியே இழுத்தார். குழியின் வாயில் இருந்த சல்லடையில் கறிவேப்பிலையும் நான்கைந்து கடுகும் ஒட்டியிருந்தன. அதன் மேல் நீளமாக ஒரு கை, விசிறி இறக்கைபோல, வரிசையாகத் துளைகளுடன். அமிர்தவல்லி அதை விரலால் தட்டினார். அது சத்தமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

“இதைச் சுத்த விடுறது எந்த மோட்டாருங்க?” என்றார் நாச்சிமுத்து. மேஸ்திரிக் குரல் வந்துவிட்டது.

“இதுக்குன்னு மோட்டார் கிடையாது. துளை சாய்வா இருக்கு பாருங்க. தண்ணி ஒரு பக்கம் பீறிட்டு வெளியே போகும்போது, கையை எதிர்ப்பக்கம் தள்ளிட்டுப் போகுது.”

நாச்சிமுத்து தன் விரலாலும் ஒருமுறை தள்ளினார். சுற்றியது. மறுபடி தள்ளினார். தன்னை விட்டுப் போவதே தன்னைச் சுற்ற வைக்கிறது. பஞ்சுப் புழுதியில் நாற்பது வருஷம் நின்ற மனிதர், பத்துத் துளை போட்ட ஒரு கையின் முன்னால் குந்தியிருந்தார்.

கதவைச் சாத்தியதும் மழை விட்ட இடத்திலிருந்து பிடித்தது. இருவரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரத்துக்குப் பிறகு, பின்சுவருக்கு அப்பால் ஒரு கொப்புளிப்பு கேட்டது.

“போகுது,” என்றார் அமிர்தவல்லி. “இனி கொஞ்சம் நல்ல தண்ணி எடுத்து அலசிக்கும்.”

“அழுக்குத் தண்ணி தன் வேலையை முடிச்சுட்டுத்தான் போகுதுங்களா?”

ஓட்டம் முடிந்து கதவு திறந்தபோது நாச்சிமுத்து தொட்ட முதல் சாப்பாட்டுத் தட்டு விரலைச் சுட்டது. துடைக்க ஆளில்லாமல், அதன் ஈரம் அவர் கண்முன்னே தானாகக் கரைந்து போயிற்று. சாம்பார் நிறம் எங்கேயும் இல்லை. தட்டில் அவர் முகம் தெரிந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேல்தட்டை இழுத்தார். ஜெயக்கொடி கவிழ்த்த இரண்டு டம்ளர்களும் பளிச்சென்று இருந்தன. அவர் நிமிர்த்தி வைத்தவை வெளியே பளபளத்தன. உள்ளே விளிம்பு வரை கலங்கல், அடியில் கூழ்.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“எல்லாத்துக்கும் அடிச்சது ஒரே தண்ணிதானுங்களே.”

“ஒரே தண்ணிதான்.”

“இது மட்டும் வாங்கி வெச்சுக்கிச்சு.”

கீழே, மலைப்பாதை வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. அடுத்த வளைவு தாண்டினால் நிறுத்தம். வாசலில் ஜெயக்கொடி வந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

நாச்சிமுத்து டம்ளரைக் கீழே வைக்கவும் முடியாமல், கொட்டவும் தோன்றாமல் நின்றார்.

“அக்கா, இதைக் கழுவி முடிச்சுட்டு கேட் பக்கம் போகட்டுங்களா?”

“கவிழ்த்து வெச்சுட்டுப் போங்கய்யா. கழுவுறதை அது பார்த்துக்கும்.”