இயந்திரத்தின் பின்பக்கம்

மருதங்குளம் ராஜா வீரகேசருக்குப் புதுச் சாமான் ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், சோறு தண்ணி வேண்டாம். இது பிரதானி திருவேங்கடத்துக்கு நன்றாகத் தெரியும். கரும்புத் தோகை, சோளத்தட்டை என்று எதைப் போட்டாலும் நறுக்கித் தள்ளுகிற ஒரு பெரிய மர இயந்திரத்தைச் செய்து அரண்மனை முற்றத்திலேயே நிறுத்திவிட்டார்.

"பிரபு, அறுவடைக் கழிவை இதில் கொட்டினால் நாற்பதே நாளில் எரு!"

ராஜா கை தட்டினார். செக்கு மாதிரி இதைச் சுற்ற எட்டு ஜோடி மாடு வேண்டுமாம். அதற்கென்ன, குடியானவர்கள் எதற்கு இருக்கிறார்கள்? சரியாக உழவு நேரம் பார்த்து அரண்மனைச் சேவகர்கள் அவர்களுடைய மாடுகளை ஓட்டி வந்துவிட்டார்கள், புண்ணியவான்கள்!

சபையில் சாதுரியம் பேசிப் பிழைக்கிற அங்கமுத்து இதைப் பார்த்தான். மாடு இல்லாமல் அந்த ஜனங்கள் எப்படி விதைப்பார்கள்? வாயை வைத்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"அபாரம் பிரபு! எருவுக்காக உழவையே நிறுத்துவது. இந்த யோசனை வேறு எந்தத் தேசத்துக்கும் வராது."

ராஜா முகம் சிவந்தது. "இவ்வளவு பேசுகிறாயே, நாற்பதாம் நாள் இதைவிட நல்ல எருவை நீ காட்டு. காட்டினால் மாடுகள் வீடு திரும்பும். இல்லையென்றால் ஊருக்கு ஊர் இதே இயந்திரம், இதே மாடு பிடிப்பு!"

"உத்தரவு. ஒரே ஒரு வேலை மட்டும் கொடுங்கள் பிரபு. இந்த முற்றத்தை நான் கூட்டுகிறேன்."

பிரதானிக்கு ஒரே குஷி. மனுஷர் மகா சுத்தக்காரர். "தாராளமாக அள்ளிக்கொண்டு போ. சாணி ஒரு பொட்டு இங்கே இருக்கக்கூடாது!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார். நறுக்கின தோகையை வெயிலில் உலர்த்தி, கூரை போட்டு, சொட்டுத் தண்ணீர் படாமல் அடுக்கினார். அதற்குச் சாமந்தி மாலை வேறு.

அங்கமுத்து தினமும் கூட்டினான். சாணி, மூத்திரம் ஊறின மண், மாட்டுக் காலடியில் சிதறின தோகைத் துண்டு, எல்லாம் அவன் தோட்டத்துக் குழிக்குப் போயின. தண்ணீர் தெளித்தான், வாரம் ஒருமுறை புரட்டிப் போட்டான். சபையில் அவன் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை.

நாற்பதாம் நாள் ராஜா பிரதானியின் குவியலில் கையை விட்டார். மொறுமொறுவென்று நொறுங்கியது.

"என்ன ஐயா, எரு கேட்டால் அப்பளம் தருகிறீர்?"

பிரதானி மாலையைச் சரிசெய்தார். பாவம், வேறென்ன செய்வார்?

அங்கமுத்து கூடையைக் கவிழ்த்தான். கன்னங்கரேலென்று, பொலபொலவென்று உதிர்ந்தது எரு. நாற்றமே இல்லை.

"அடேயப்பா! உன் இயந்திரம் எங்கே?"

"இதேதான் பிரபு. முன்பக்கத்தைப் பிரதானி பார்த்துக்கொண்டார். பின்பக்கத்தை நான் பார்த்துக்கொண்டேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கேயே மாடுகளை அவிழ்த்துவிடச் சொன்னார். அங்கமுத்துவின் தோளில் பட்டுச் சால்வை விழுந்தது.

"இயந்திரத்தை என்னடா செய்வது?"

"இருக்கட்டும் பிரபு, நன்றாகத்தான் நறுக்குகிறது. உழவு முடியட்டும். எருவில் பங்கு உண்டு என்று சொல்லுங்கள், குடியானவர்களே மாட்டை ஓட்டி வருவார்கள்."

"சரி, அப்போது முற்றத்தை யார் கூட்டுவது? நீதான் சால்வைக்காரன் ஆகிவிட்டாயே!"

அங்கமுத்து துடைப்பத்தை இரண்டு கையாலும் ஏந்தி, வெகு மரியாதையாகக் குனிந்து, பிரதானியிடம் நீட்டினான்.